பிக்கு வராத விஜயதசமி

கிழக்கு லண்டனின் பிளேஸ்டோ பக்கத்தில் ஜம்புநாதனைத் தெரியாத பர்மாத் தமிழர் கிடையாது. பெரிய மனிதர் என்பதால் அல்ல. பெரிய மனிதர்கள் செய்யக் கூச்சப்படும் வேலைகளையெல்லாம் இழுத்துப் போட்டுக்கொண்டு செய்கிறவர் என்பதால். மண்டபத்தில் நாற்காலி விரிப்பது, சாம்பார் அண்டாவைப் பிடித்து இறக்குவது, நகரத்தின் வடக்கே எட்மண்டனிலிருந்து பஸ் பிடித்து வரும் வயதான அம்மாக்களைத் திரும்பக் கொண்டுபோய் வீட்டில் விடுவது எல்லாம் அவர் தலையில்தான் விழும். இவற்றோடு இருந்த இன்னொரு வேலையை மட்டும் அவர் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. ஆண்டுதோறும் விஜயதசமி அன்று வட லண்டனில் உள்ள பர்மிய விகாரைக்குத் தம்முடைய பழைய நிஸ்ஸான் காரை ஓட்டிப் போய், பிக்குவை ஏற்றிக்கொண்டு வருவது.

இந்துக்களின் விஜயதசமிக்குப் புத்த பிக்கு எதற்கு என்று தமிழ்நாட்டுக்காரர்கள் கேட்பார்கள். பர்மாத் தமிழர்களுக்கு அந்தக் கேள்வியே சிரிப்பாக இருக்கும். அங்கே அம்மன் கோயிலுக்குள்ளேயே ஒரு பக்கம் புத்தர் உட்கார்ந்திருப்பார், அவருக்கும் ஒரு தட்டுப் பூ போகும். ஜம்புநாதன் பிறந்தது ரங்கூனுக்குத் தெற்கே, ஆற்றோரத்தில், நெல் ஆலைகளை நம்பிப் பிழைத்த ஊர். தமிழ்ப் பிள்ளைகளுக்கென்று பள்ளிக்கூடம் இல்லாத அந்த ஊரில் மடத்துப் பிக்குகள்தான் அவர்களையும் சேர்த்து உட்காரவைத்து எழுத்தும் கணக்கும் சொல்லிக் கொடுத்தார்கள். கைம்மாறாகத் தமிழர்கள் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார்கள். விஜயதசமிச் சோற்றின் முதல் பிடி பிக்குவுக்கு. அவர் உச்சிப்பொழுதுக்கு முன்னால் சாப்பிட்டு, ஆசி சொல்லி எழுந்த பிறகுதான் மற்றவர்களுக்கு இலை. லண்டனுக்கு வந்தும், வாடகைக்கு எடுத்த தேவாலய மண்டபத்தில் அந்த வழக்கத்தை விடாமல் நடத்தி வந்தார்கள்.

ஜம்புநாதன் இங்கே வந்து சேர்ந்த கதை கொஞ்சம் கோணலானது. இருபத்தெட்டு வயதில் கப்பலில் சமையல் உதவியாளாக வேலைக்குச் சேர்ந்தார். டில்பரி துறைமுகத்தில் ஒருநாள் சிகரெட் வாங்கப் போகிறேன் என்று இறங்கியவர் கப்பலுக்குத் திரும்பவில்லை. பிறகு ஒரு மருத்துவமனைக் கேண்டீனில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தபோது, அங்கே தாதியாக இருந்த யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கப் பெண் இம்மாகுலேற் இவருடைய அப்பாவித்தனத்தைக் கண்டு இரக்கப்பட்டோ, வேறு எதையாவது கண்டோ, கட்டிக்கொண்டாள். அவளால்தான் இவருக்கு நாட்டில் தங்கக் காகிதம் கிடைத்தது. சுரங்க ரயில் நிலையத்தில் டிக்கெட் கவுண்டர் வேலையும் கிடைத்தது. ஓய்வு பெறும்வரை கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து, கேட்டவர்களுக்குக் கேட்டதைக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

ஊரில் அவருக்கு மிஞ்சியிருந்தது ஒரே அக்கா. பெயர் பவளக்கொடி. அம்மா போன பிறகு தம்பியை வளர்த்தவள். கப்பலேறிய அன்று படகுத்துறையில் பார்த்ததுதான், முப்பத்துச் சொச்சம் ஆண்டுகளாக அவளை அவர் பார்க்கவில்லை. சொல்லாமல் நாட்டை விட்டு ஓடியவன் என்று தம் பெயர் எங்கோ எழுதி வைக்கப்பட்டிருக்கும் என்பது அவருடைய பயம். ஒரு முறை தைரியத்தை வரவழைத்துக்கொண்டு தூதரகத்தில் விசாவுக்கு மனுப் போட்டார். பதில் வரவில்லை. தபாலில் தொலைந்ததோ, மேசையில் தூங்கியதோ, இன்னொரு தடவை போய்க் கேட்டிருக்கலாம். அவர் கேட்கவில்லை. பதில் இல்லை என்றாலே மறுப்பு என்று முடிவு கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார்.

இந்த விஷயத்தில் அவரை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. லண்டனில் இருந்த பர்மாத் தமிழ் இந்து ஐக்கிய சங்கமே அப்படித்தான் இருந்தது. அதன் தலைவர் டாக்டர் கோபாலன் எட்மண்டனில் பெயர் எடுத்த வைத்தியர், வயது எழுபதைத் தாண்டியவர், நல்ல மனிதர். அறுபத்து நாலில் ராணுவ அரசு கடைகளையெல்லாம் எடுத்துக்கொண்டபோது அவருடைய தகப்பனாரின் ஜவுளிக்கடையும் ஒரே காலையில் போயிற்று. கடைக்கு முன்னால் தெருவில் நின்று சாவியை ஒரு சிப்பாயின் கையில் அப்பா கொடுத்ததைப் பார்த்த மகன் அவர். அன்றைக்குக் கற்ற பாடத்தை ஆயுள் முழுவதும் மறக்கவில்லை. அங்கே இருக்கிற நம் ஜனங்கள் கொஞ்சப்பேர், கோயில்கள் ராணுவத்தின் தயவில் நிற்கின்றன, நாம் இங்கே வாயைத் திறந்தால் அடி அங்கே விழும் என்பார். ரங்கூனில் இருந்த இந்துத் தலைவர்களும் அப்படித்தான் நடந்துகொண்டார்கள். அரசு விழாவென்றால் முதல் வரிசையில் போய் உட்காருவார்கள், கைதட்டச் சொல்லும் முன்பே கைதட்டுவார்கள். சங்கமும் ஆண்டுதோறும் பர்மாவின் சுதந்திர தினத்துக்குத் தூதரகத்துக்கு வாழ்த்து அனுப்பியது. எண்பத்தெட்டில் அங்கே மாணவர்களைச் சுட்டபோது ஒரு வரி எழுதவில்லை. ஜம்புநாதனுடைய ஊர்க் கோயில் கோபுரத்தைத் திருத்திக் கட்டச் சங்கம் அந்த அரசிடம் அனுமதி கேட்டு எத்தனையோ காலமாயிற்று, அது வரும் வரும் என்று சங்கத்தின் குனிந்த தலை நிமிரவேயில்லை.

2007 செப்டம்பர் கடைசியில் பர்மாவில் ராணுவ அரசை எதிர்த்துப் பிக்குகள் தெருவில் இறங்கினார்கள். செருப்பில்லாத காலோடு, மழையில், ஆயிரக்கணக்கில் நடந்து போனதை லண்டன் டிவியில் எல்லோரும் பார்த்தார்கள். பிறகு துப்பாக்கிச் சத்தம் கேட்டது. மடங்களுக்குள் புகுந்து பிக்குகளை லாரியில் ஏற்றிப் போனதாகச் செய்தி வந்தது. அடுத்து இன்டர்நெட்டை நிறுத்தினார்கள், படங்களும் நின்றன. ஜம்புநாதன் டெலிபோன் கார்டை மாற்றி மாற்றிச் சுரண்டி ஊருக்கு அடித்தார். அக்கா வீட்டில் போன் கிடையாது, பக்கத்துத் தேநீர்க் கடைக்கு அடித்து அவளைக் கூப்பிடச் சொல்ல வேண்டும். ஒரு நாள் லைன் கிடைத்தது. பேசியது அக்கா மகன். அம்மாவுக்குச் சிறுநீரகம் போய்க்கொண்டிருக்கிறது, கால் வீங்கிவிட்டது, மாமாவை ஒரு தடவை கண்ணால் பார்த்தால் போதும் என்கிறாள் என்று சொன்னான்.

அந்த வாரமே சங்கக் கமிட்டி கோபாலன் வீட்டில் கூடியது. டாக்டர் விஷயத்தைச் சுற்றி வளைக்காமல் சொன்னார். இந்த ஆண்டு விஜயதசமிக்குத் தூதரகத்திலிருந்து ஓர் அதிகாரியைக் கூப்பிட்டிருக்கிறார், அவரும் வருவதாகச் சொல்லிவிட்டார். ஆகவே பிக்கு வேண்டாம். இருவரையும் ஒரே கூரைக்குக் கீழே உட்காரவைத்தால் வம்பு. கோபுர அனுமதியும் கெடும், ஊரில் இருக்கிற நம் ஆட்களுக்கும் ஆபத்து. கமிட்டியில் ஒருவர்கூட மறுத்துப் பேசவில்லை. தேநீர் வந்தது, குடித்தார்கள். புறப்படும்போது டாக்டர் ஜம்புநாதனைத் தனியாகக் கூப்பிட்டு, விசா விஷயத்தை அதிகாரியின் காதில் தாமே போடுவதாகவும், பிக்குவைப் பார்த்து, இந்த ஆண்டு வர வேண்டாம் என்று சொல்லும் வேலையை இவரே செய்ய வேண்டும் என்றும் சொன்னார். ஜம்புநாதன் தலையை ஆட்டினார். அக்காவின் வீங்கிய காலைத் தவிர அந்த நேரம் அவர் கண்ணுக்கு முன்னால் வேறொன்றும் இல்லை.

வீட்டுக்கு வந்து இம்மாகுலேற்றிடம் சொன்னார். அவள் மாலை ஷிப்டுக்குப் போகத் தலை வாரிக்கொண்டிருந்தாள். சீப்பை அப்படியே பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"எம்பசி ஆக்கள் உங்களிட்டக் கேட்டவையோ, பிக்குவைக் கூப்பிட வேண்டாமெண்டு?"

"கேக்கணுமா? நமக்குத் தெரியாதா என்ன?"

"கேக்காத ஆக்களுக்கு நீங்கள் ஏன் முந்திக்கொண்டு குடுக்கிறியள்?"

ஜம்புநாதன் பர்மாவைப் பற்றி உனக்கு என்ன தெரியும் என்றார். ராணுவத்தைப் பற்றி யாழ்ப்பாணத்துப் பெண்ணிடம் அப்படிக் கேட்டதற்கு அவள் நியாயமாகச் சண்டை பிடித்திருக்க வேண்டும். பிடிக்கவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று போய்விட்டாள்.

விகாரை என்றால் கோபுரமும் மணியும் உள்ள இடம் அல்ல. வரிசை வீடுகளில் ஒரு வீடு, முன்னறையில் புத்தர், பின்னால் சின்னத் தோட்டம். அங்கே இருந்த நந்திய பிக்கு ஜம்புநாதனின் ஊர் மடத்திலிருந்தே வந்தவர். பவளக்கொடியின் தெருக்கோடியில் இருந்த மடம் அது. வயதில் ஜம்புநாதனுக்கு மகன் போல இருப்பார், ஆனால் காவி கட்டியவரின் காலில் விழ வயது பார்ப்பதில்லை. இருவரும் பர்மிய மொழியில்தான் பேசிக்கொள்வார்கள். ஊரில் எந்தப் படகுத்துறை இடிந்தது, எந்த ஆலை மூடியது என்பதெல்லாம் அவரிடமிருந்துதான் இவருக்குத் தெரியும்.

ஜம்புநாதன் போனபோது பிக்குவின் கண்கள் சிவந்திருந்தன. தம்மோடு படித்த இருவரைப் பற்றி ஒரு தகவலும் இல்லை என்றார். இவர் எதிரில் முழந்தாளிட்டு உட்கார்ந்தார். பர்மிய வழக்கத்தில் பிக்குவை ஒருநாள் சோற்றுக்கு அழைத்துவிட்டால் பிறகு வேண்டாம் என்று சொல்வது கிடையாது. அழைப்பை ஏற்றவர் அன்றைக்கு வேறு எந்த வீட்டுச் சோற்றையும் ஏற்க மாட்டார். கூப்பிட்ட கை மூடிக்கொண்டால் அவர் அன்று பட்டினி. இவரோ சித்திரை மாதத்திலேயே கைகூப்பி அழைத்துவிட்டுப் போயிருந்தார். வரும் வழியெல்லாம் காரில் ஒத்திகை பார்த்து வைத்திருந்த வாக்கியத்தைச் சொல்ல வாயைத் திறந்தார். அதற்குப் பதிலாக வேறொன்று வந்தது.

"சுவாமி, இந்த வருஷம் விஜயதசமி விருந்து இல்லை. நிறுத்திவிட்டோம்."

பொய் சொல்ல வேண்டும் என்று அவர் வரவில்லை. உண்மையைச் சொல்ல வாய் வராத இடத்தில் பொய் தானாக வந்து உட்கார்ந்துகொண்டது. வேறு ஆளாக இருந்தால் பிக்கு ஏன் என்று கேட்டிருப்பார். ஜம்புநாதனைச் சந்தேகப்பட அவருக்குக் காரணமில்லை, எல்லாம் புரிந்துவிட்டது போலத் தலையசைத்தார். இறந்தவர்களுக்காகத் தமிழர்களும் தங்கள் பண்டிகைச் சோற்றை வேண்டாம் என்று வைத்துவிட்டார்கள் என்று அவராகவே எடுத்துக்கொண்டார். கண் கலங்கியது. இப்படி ஒன்றை யாருமே செய்யவில்லை என்றார். அங்கே துக்கப்படுகிறவர்களுக்கு இது போய்ச் சேர வேண்டும் என்றார். பிறகு ஜம்புநாதனின் குனிந்த தலைக்கு மேலே பாலி மொழியில் ஆசி சொன்னார். நெடுநேரம் சொன்னார். அப்போதாவது நிமிர்ந்து இல்லை சுவாமி என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அந்த ஆசியை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

அந்த ஆண்டு விஜயதசமி ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. கூட்டத்துக்குக் குறைவில்லை. புளியோதரை, சுண்டல், பர்மாக்காரர்களுக்கு மட்டுமே ருசி தெரிந்த ஊறவைத்த தேயிலைக் கலவை எல்லாம் தயார். பிக்குவுக்கென்று மேடையில் வெள்ளைத்துணி விரித்துப் போடும் ஆசனத்துக்குப் பதிலாக அன்று ஒரு நாற்காலியைப் போட்டிருந்தார்கள். அதிகாரி மனைவியோடு வந்தார். ஜம்புநாதன் மனதுக்குள் வரைந்து வைத்திருந்த ஆள் அவர் இல்லை. கட்டம் போட்ட லுங்கி, மேலே கோட்டு, நரைத்த மீசை, பேச்சில் தயக்கம். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தார். அந்த அம்மாள் கையில் ஒரு பை வைத்திருந்தாள். உட்காரச் சொன்னதும் இருவரும் உட்காராமல் நின்றார்கள்.

"பிக்கு எங்கே?" என்று அதிகாரி பர்மியத்தில் கேட்டார். "வருஷா வருஷம் அவர் முதலில் சாப்பிடுவார் என்றார்களே."

டாக்டர் கோபாலன் இதற்காகவே காத்திருந்தவர். அரசாங்கத்துக்குச் சங்கடம் வரக் கூடாது என்று இந்த ஆண்டு பிக்குவை நாங்களே அழைக்கவில்லை என்று பெருமையாகச் சொன்னார். அதிகாரி மனைவியைப் பார்த்தார். அந்த அம்மாள் கையிலிருந்த பையை மெதுவாக நாற்காலிக்கு அடியில் தள்ளி வைத்தாள். அதிலிருந்து ஒரு காவித் துணியின் ஓரம் வெளியே தெரிந்ததை முன் வரிசையில் இருந்தவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். முதல் இலை அதிகாரிக்குத்தான் போட்டார்கள். அவர் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டார்.

புறப்படும்போது டாக்டர் ஜம்புநாதனை முன்னால் தள்ளி விசாவைப் பற்றிச் சொன்னார். அதிகாரி, உங்களுக்குத் தடை ஏதும் இருப்பதாக எனக்குத் தெரியாதே, மனுப் போட்டால் மற்றவர்களுக்குக் கிடைக்கிற மாதிரி கிடைக்கும் என்றார். செருப்பை மாட்டிக்கொண்டே, ஜம்புநாதனுக்கு மட்டும் கேட்கும்படி இன்னொன்றும் சொன்னார். "நாங்கள் இப்போது விகாரைக்குப் போனால், அரசாங்கத்து ஆட்கள் என்று பிக்குகள் எங்கள் கையிலிருந்து ஒன்றும் வாங்க மாட்டார்கள். எங்களோடு இருக்கிற எல்லோருக்கும் அதே கதிதான். இந்தக் காவியை உங்கள் சோற்றோடு சேர்த்து வைத்தால் அவர் வாங்கிக்கொள்வார் என்று என் மனைவி நினைத்தாள்." பிறகு பையைத் தூக்கிக்கொண்டு இருவரும் போனார்கள். டாக்டர் கோபாலன் வெறும் நாற்காலியைப் பார்த்துக்கொண்டு நின்றார். அன்றைக்குப் பிறகு அவர் அந்த விஜயதசமியைப் பற்றிப் பேசியதே இல்லை. கோபுர அனுமதியும் வரவில்லை. அதற்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இருந்திருக்காது.

ஜம்புநாதன் மனுப் போட்டார். நவம்பரில் விசா வந்தது. ஒரு கேள்வி இல்லை, ஒரு விசாரணை இல்லை. மூன்று மாதத்துக்குள் போக வேண்டும் என்று முத்திரையில் இருந்தது. பாஸ்போர்ட்டைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தார். இம்மாகுலேற் அக்காவுக்கென்று கம்பளிக் காலுறையும் வலிக்குத் தடவும் மருந்தும் வாங்கி வைத்தாள். டிக்கெட் பார்க்கும் முன் அக்காவின் காதில் சொல்லிவிட வேண்டும் என்று தேநீர்க் கடைக்கு அடித்தார். அன்றைக்கு அவளால் நடந்து வர முடிந்தது. குரல் மெலிந்திருந்தாலும் அதில் சந்தோஷம் இருந்தது. இவர் வாயைத் திறக்கும் முன் அவள் பேச ஆரம்பித்துவிட்டாள்.

"தம்பி, நீங்க அங்க செஞ்சது இங்க வந்து சேந்துருச்சு. செத்துப்போன சாமிங்களுக்காக லண்டன்ல நம்ம ஆளுக விஜயதசமிச் சோத்தையே வேண்டாம்னு வச்சுட்டாங்களாமே. மலேசியாவுல இருந்து வந்த சாமி ஒருத்தரு மடத்துல சொன்னாராம். தெருவுல பர்மாக்காரங்க என்னையப் பாத்தா நின்னு பேசுறாங்கடா. உன் தம்பி ஊருதானேன்னு கேக்குறாங்க."

ஜம்புநாதன் ரிசீவரை மறு காதுக்கு மாற்றிக்கொண்டார். "அக்கா, விசா கெடச்சிருச்சு. நான் வர்றேன்" என்றார்.

 அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள். "வரக்கூடாது. இவ்வளவு பண்ணிட்டு நீ வந்து எறங்குனா விடுவாங்களா? விசா குடுத்ததே புடிச்சுப் போடத்தான். எனக்கு வயசாச்சு, நான் போயிருவேன். நீ உள்ள கெடக்கக் கூடாது. எம்மேல சத்தியமா வர மாட்டேன்னு சொல்லு."

அந்த இடத்தில் ஜம்புநாதனுக்கு ஒரே ஒரு வழிதான் தெரிந்தது. நாங்கள் ஒன்றும் செய்யவில்லை அக்கா, சோற்றை நிறுத்தவில்லை, ராணுவ அரசின் அதிகாரிக்கு முதல் இலை போட்டோம், உன் தம்பி பிக்குவிடம் பொய் சொல்லிவிட்டு வந்தான், ஆகவே எனக்கு ஓர் ஆபத்தும் இல்லை என்று சொல்ல வேண்டும். சொன்னால் போகலாம். சொன்னால் தெருவில் அவளிடம் நின்று பேசுகிறவர்கள் பேசுவார்களா? அதைவிட, அவள் இனி இவரை எப்படிப் பார்ப்பாள்?

"சோத்த வேண்டாம்னு வச்சது உண்மைதானே தம்பி?" என்று அவள் கேட்டாள்.

"ஆமாக்கா," என்றார் ஜம்புநாதன். சத்தியமும் செய்தார்.

இம்மாகுலேற் வீட்டில் இருந்தாள், எல்லாவற்றையும் கேட்டாள். உண்மையைச் சொல்லிப்போட்டுப் போய்ப் பாருங்கோ என்று ஒரு வாரம் படித்துப் படித்துச் சொன்னாள். கிறிஸ்மஸ் வந்தது, போயிற்று. பொங்கலும் போயிற்று. ஜம்புநாதன் ஒவ்வொரு ஞாயிறும் நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைப்பார். தேநீர்க் கடைக்கு அடிப்பார். அக்கா ஒவ்வொரு தடவையும் அதே கதையை இன்னும் கொஞ்சம் பெரிதாக்கித் திருப்பிச் சொல்வாள், இவர் உம் கொட்டிக்கொண்டிருப்பார். ஒரு தடவை ஒரு பொய்யைச் சொல்வது அத்தனை பெரிய பாவமில்லை என்றே வைத்துக்கொள்வோம். அதற்கு வாரா வாரம் சோறு போட்டு வளர்த்தாரே, அதை என்னவென்று சொல்வது? விசாவின் தேதி பிப்ரவரியில் முடிந்தது. பவளக்கொடி அந்த மாதமே, அதற்குச் சில நாள் கழித்து, இறந்துபோனாள்.

அக்கா மகன் அழுதுகொண்டே சொன்னான். மடத்தில் பிடிபடாமல் மிஞ்சியிருந்த பிக்குகள் எல்லோரும் வரிசையாக வந்து அம்மாவுக்காக ஓதினார்களாம். ஒரு தமிழ்ப் பொம்பளைக்கு இப்படி ஒரு மரியாதை ஊரில் நடந்ததே இல்லையாம். எல்லாம் உங்களால்தான் மாமா என்றான். ஜம்புநாதன் போனை வைத்தார். அழக்கூட அவருக்கு வெட்கமாக இருந்தது.

மார்ச் மாதத்தில் ஒரு காலை, அக்காவின் பெயரில் பிக்குவுக்குச் சோறு கொடுக்க இருவரும் விகாரைக்குப் போனார்கள். பவளக்கொடிக்குப் பிடித்த புளிச்சக்கீரையை இம்மாகுலேற் சமைத்திருந்தாள். நந்திய பிக்கு சாப்பிட்டு முடிக்கும்வரை ஜம்புநாதன் தலை நிமிரவில்லை. பாத்திரங்களை எடுத்து வைத்த பிறகு முழந்தாளிட்டு, ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். கமிட்டி முடிவு செய்தது, தாம் சொன்ன பொய், அதிகாரிக்குப் போட்ட முதல் இலை, அக்காவிடம் சொன்ன ஆமாக்கா எல்லாவற்றையும் சொன்னார். மன்னிப்புக் கேட்டார்.

பிக்குவின் முகத்தில் கோபம் இல்லை. விருந்து நடந்தது தமக்கு அடுத்த வாரமே தெரியும் என்றார். எட்மண்டனிலிருந்து வந்த ஒரு குடும்பம் வாய் தவறிச் சொல்லிவிட்டது. ஊர் மடத்துக்குத் தாம் சொல்லி அனுப்பியிருந்த செய்தியை அவர் திருத்தவில்லை. அவ்வளவு துக்கத்துக்கு நடுவில் அவர்களுக்குக் கிடைத்த ஒரே ஆறுதலைப் பிடுங்க மனம் வரவில்லை என்றார். பிறகு, அவருக்குப் புரியாத ஒன்றைக் கேட்கிறவர் போல, மெல்லக் கேட்டார்.

"உங்களுக்கு விசா கிடைத்தது என்று சொன்னார்கள். நீங்கள் போய் அக்காவைப் பார்த்துவிட்டு வந்துவிட்டீர்கள் என்றுதான் இன்று காலை வரை நினைத்திருந்தேன். அவர் வேண்டாம் என்று தடுத்தது எனக்குத் தெரியாதே."

"ஆபத்து என்று பயந்தாள், சுவாமி."

"உங்கள் பெயரை நான் யாரிடமும் சொல்லவில்லை. தமிழர்கள் என்று மட்டும்தான் சொன்னேன். நீங்கள் வந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், செய்தி போன அதே வழியில், தம்பிக்கு ஆபத்தில்லை, வரட்டும் என்று மடத்திலிருந்தே அக்காவுக்குச் சொல்லி அனுப்பியிருப்பேன். அவர் மடத்துப் பேச்சைக் கேட்டிருப்பார். வேறு எதையும் நீங்கள் அவரிடம் சொல்ல வேண்டி வந்திருக்காது."

 பிக்கு ஆசி சொல்லத் தொடங்கினார், இம்மாகுலேற் தனக்குத் தெரிந்தபடி கைகளைக் குவித்துக்கொண்டாள். முடிந்ததும் எழுந்து வெளியே வந்தார்கள். ஜம்புநாதன் கார் வரை வந்து, கதவைத் திறக்காமல் நின்றார்.

"கேட்டிருந்தா அக்காவப் பாத்திருக்கலாம், இம்மா," என்றார். "யார்கிட்டயாவது ஒரு வார்த்த கேட்டிருந்தா பாத்திருக்கலாம்."

"ஓம்," என்றாள் இம்மாகுலேற். வேறு என்ன சொல்லித் தேற்றுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. சாவியை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, அவளே ஓட்டினாள்.